உயிராற்றல் கண்ட சுப்பாராவ்

(இளமறிவியல் உயிர்வேதியியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுதியது)

ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு எங்கள் தமிழ்ப் பேராசிரியர் பணித்தபோது, வகுப்பு நண்பர்கள் பலரும் தலைவர்களையும் கவிஞர்களையும் தேர்ந்துகொண்டார்கள். எனக்குக் கிடைத்த பெயர் நூலகத்தில் கிடைத்ததன்று; செய்முறைக் குறிப்பேட்டில் கிடைத்தது. பாஸ்பரசை அளவிடும் சோதனைக்கு ஃபிஸ்க் - சுப்பாராவ் முறை என்று பெயர். அமிலங் கலந்த அம்மோனியம் மாலிப்டேட் கரைசலை ஊற்றி, ஒடுக்கும் பொருளைச் சேர்த்துச் சில நிமிடங்கள் காத்திருந்தால், குழாயில் உள்ள நீர் நீல நிறம் கொள்ளும். பாஸ்பேட் மிகுந்தால் நீலம் அடரும், குறைந்தால் வெளிறும். அந்த நிறத்தின் அடர்த்தியை அளந்து, உள்ளே எவ்வளவு பாஸ்பரஸ் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். எளிய சோதனைதான். ஆனால், அமெரிக்கப் பெயரை ஒட்டி நம் பக்கத்துப் பெயர் ஒன்று நிற்கிறதே, யார் இந்தச் சுப்பாராவ் என்று வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. இரண்டு மதிப்பெண் வினாவுக்கு அது தேவைப்படவும் இல்லை.

எனக்கு அது தேவைப்பட்டதற்குக் காரணம் எங்கள் பெரியப்பா. அதைப் பின்னர்ச் சொல்கிறேன். முதலில் அந்த மனிதரைப் பார்ப்போம்.

எல்லாப்பிரகட சுப்பாராவ் 1895 ஜனவரி 12 ஆம் நாள், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் ஆந்திர மாநிலத்தின் மேற்குக் கோதாவரி மாவட்டத்தில் இருக்கிறது. தந்தையார் வருவாய்த் துறையில் பணியாற்றி, உடல்நலக் குறைவால் முன்னதாகவே ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் பலர், வருவாய் சிறிது. இளமையில் சுப்பாராவ் படிப்பில் சுடர்விட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். பதின்மூன்றாம் வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று உறவுக்காரப் பையன் ஒருவனுடன் வீட்டை விட்டு ஓடியவர் அவர். வழியிலேயே பிடித்து அழைத்து வந்துவிட்டார்கள். மெட்ரிகுலேஷன் தேர்விலும் தவறினார், ஒரு முறையல்ல. சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து, மூன்றாம் முயற்சியில்தான் தேறினார். அரியர் வைத்திருக்கும் நண்பர்கள் இவ்விடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

மாநிலக் கல்லூரியில் இண்டர்மீடியட் முடித்ததும், துறவியாக வேண்டும் என்ற எண்ணம் அவரைப் பற்றியது. இராமகிருஷ்ண மடத்தை நாடினார். அங்கிருந்தவர்கள், மருத்துவம் கற்றுப் பணி செய்யலாமே என்று வழி காட்டினார்கள். 1915 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். நம் அம்பத்தூரில் ஏறினால் மின்சார ரயில் கொண்டுபோய் விடுகிற சென்ட்ரல் நிலையத்துக்கு எதிரே, அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டி நிற்பதுதான் அந்தக் கல்லூரி. அந்தப் பக்கம் போகும் போதெல்லாம் இப்போது என் கண் அங்கே சென்றுவிடுகிறது.

அது காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவிய காலம். அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்குக் கதர் அங்கியோடு போனார் சுப்பாராவ். ஆங்கிலேயப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வில் நன்றாகச் செய்திருந்தும், முழு மருத்துவப் பட்டமான எம்.பி.பி.எஸ். அவருக்குக் கிடைக்கவில்லை, அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே 1921 இல் பெற்றார். ஒரு துண்டுக் கதர்த் துணியின் விலை அது.

ஆயினும் அவர் வாழ்க்கையைத் திருப்பியது கதரன்று, நோய். அவருடைய சகோதரர்கள் இருவர் சில நாள் இடைவெளியில் அடுத்தடுத்து மாண்டார்கள். ஸ்புரூ என்னும் வெப்ப நாட்டுக் குடல் நோய். உண்ட உணவின் சத்து உடலில் ஒட்டாமல் பேதியாகப் போய், இரத்தம் வெளுத்து, உடல் உருகும். அந்நாளில் அதற்குத் திட்டவட்டமான மருந்து இல்லை. சுப்பாராவையும் அந்நோய் தாக்கியது. சென்னையில் ஆயுர்வேத மருத்துவர் ஆசண்ட லட்சுமிபதி கொடுத்த மருந்தில் அவர் பிழைத்தார். பிழைத்தவர், அதே ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூற்றியல் விரிவுரையாளராக அமர்ந்தார். எந்தப் பொருள் தன்னைக் காப்பாற்றியது, எந்தப் பொருள் இல்லாமல் அண்ணன் தம்பிகள் இறந்தார்கள் என்ற வினா அவரை விடவில்லை போலும். இது என் ஊகந்தான். ஆனால் பின்னர் அவர் செய்த பணிகளைப் பார்க்கும்போது வேறு மாதிரி எண்ணத் தோன்றவில்லை.

மாமனாரின் உதவியும் காக்கிநாடாவின் மல்லாடி சத்தியலிங்க நாயக்கர் அறக்கட்டளையின் உதவியும் கைகொடுக்க, 1922 அக்டோபரில் பாஸ்டன் நகரை அடைந்து, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வெப்ப நாட்டு மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். மனைவி சேஷகிரி இங்கேயே இருந்தார். கணவர் கப்பலேறிய பின் பிறந்த ஆண் குழந்தை ஓராண்டு நிரம்புமுன் இறந்துபோயிற்று. தந்தை அதன் முகத்தைப் பார்க்கவே இல்லை. சில ஆண்டுகளில் திரும்புவதாகச் சொல்லிச் சென்றவர், கடைசி வரை திரும்பவும் இல்லை. பெரியோர் வரலாறுகளில் இத்தகைய செய்திகளை ஒரு வரியில் கடந்து போவது வழக்கம். எனக்கு அப்படிக் கடக்க மனம் வரவில்லை. சேஷகிரி அம்மையாரின் வரலாற்றை எழுத யாருமில்லையே என்று தோன்றிற்று.

இந்திய மருத்துவச் சான்றிதழை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் மருத்துவராக இருக்க முடியாது. வயிற்றுப்பாட்டுக்காகப் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் இரவு நேர எடுபிடியாக வேலை பார்த்தார். நோயாளிகளின் மலசலக் கலங்களைக் கழுவும் வேலையும் அதில் அடங்கும். பகலில் படிப்பும் ஆய்வும். பின்னர் ஹார்வர்டின் உயிர்வேதியியல் துறையில் சைரஸ் ஃபிஸ்க் என்பாரிடம் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கே 1925 இல் பிறந்ததுதான் நம் குறிப்பேட்டு நீல நிறம்.

இந்தச் சோதனையின் அருமை, மிகச் சிறிய அளவு பாஸ்பரசையும் இரத்தத்திலும் தசையிலும் விரைவாக அளக்க முடிந்ததில் இருந்தது. அளவுகோல் கையில் கிடைத்ததும் இருவரும் தசையை அளக்கத் தொடங்கினார்கள். ஒரு விந்தை தென்பட்டது. தசைச் சாற்றில் சோதனையைச் செய்தால் நீல நிறம் எதிர்பார்த்தபடி உடனே நிலைக்காமல், நிமிடத்துக்கு நிமிடம் கூடிக்கொண்டே போயிற்று. வேறொருவராக இருந்தால் சோதனை பிழை என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார். இவர்கள், எளிதில் உடைகிற ஏதோ ஒரு பாஸ்பரஸ் சேர்மம் உள்ளே இருந்து கொஞ்சங் கொஞ்சமாகப் பாஸ்பேட்டை விடுகிறது என்று கண்டார்கள். அதுதான் கிரியேட்டின் பாஸ்பேட். 1927 இல் வெளியிட்டார்கள். ஏறத்தாழ அதே வேளையில் இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் இதே பொருளைக் கண்டிருந்தார்கள். பூனையின் தசையைத் தூண்டிச் சுருங்க வைத்தபோது இப்பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்தபோது மீண்டும் சேர்ந்தது.

1929 இல் அடுத்த கண்டுபிடிப்பு: அடினோசின் ட்ரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. இதிலும் முதன்மை முழுவதும் இவர்களுக்கே உரியது என்று நான் பெருமை பேசமாட்டேன். ஜெர்மனியில் கார்ல் லோமான் அதே ஆண்டில் தனியாகக் கண்டு வெளியிட்டார். இருசாராரையும் சேர்த்தே சொல்வதுதான் நியாயம். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்ற கொள்கைக்கு 1922 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டிருந்தது. அக்கொள்கையை அசைத்தவை இந்த இரு பாஸ்பரஸ் சேர்மங்கள்.

ஏ.டி.பி. என்பது என்ன? நாம் உண்ணும் சோற்றின் ஆற்றல் நேரே கைக்கும் காலுக்கும் போவதில்லை. ஒவ்வோர் உயிரணுவும் அதை ஏ.டி.பி.யாக மாற்றி, அதைச் செலவழித்தே வேலை செய்கிறது. நெல்லை விற்றுக் காசாக்கிக் கொண்டு கடைக்குப் போவது போல. கிரியேட்டின் பாஸ்பேட் என்பது அவசரத்துக்கு இடுப்பில் முடிந்து வைத்திருக்கும் சில்லறை. ஏ.டி.பி. குறையும் கணத்தில் அது தன் பாஸ்பேட்டைக் கொடுத்து ஈடுசெய்யும். தசையில் கண்ட இதுவே மூளைக்கும் பொருந்தும் என்பது பின்வந்த ஆய்வாளர்களால் தெளிவாயிற்று. மூளையின் பாஸ்பரசை அளந்த தொடக்க கால ஆய்வுகளுக்கும் இந்த நீல நிறமே துணை நின்றது.

இங்கேதான் எங்கள் பெரியப்பா வருகிறார்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கடைசல் இயந்திரத்தில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவர் அவர். இரும்பை ஒரு நூல் அளவு கூடக் குறையச் சீவாத கை. நான் பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, ஒருநாள் காலை ஏழு மணி ஷிப்டுக்குக் கிளம்பும் வேளையில் தேநீர்க் குவளை அவர் வலக்கையிலிருந்து நழுவி விழுந்தது. வாய் ஒரு பக்கம் கோணிற்று. பேச்சு குழறிற்று. இராத்திரி ஓவர்டைம் பார்த்த அசதி என்று வீட்டார் படுக்க வைத்தார்கள். பெரியம்மா கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். அக்கம்பக்கத்தார் வந்து, இது வாய்வு என்றும், வாதம் என்றால் நாட்டு மருந்துக்குப் போகலாம் என்றும் யோசனை சொன்னார்கள். நானும் அப்பாவும் ஊரிலிருந்து மாலையில் திரும்பிய பிறகே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பத்து மணி நேரம் கடந்திருந்தது. அங்கிருந்த இளம் மருத்துவர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று ஒரே கேள்வியை மூன்று பேரிடம் மாற்றி மாற்றிக் கேட்டார். விடையைக் கேட்டபின் ஒன்றும் சொல்லாமல் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த மௌனத்தின் பொருள் எனக்கு அன்று விளங்கவில்லை. உயிர்வேதியியல் படிக்க வந்த பின்னரே விளங்கியது.

மூளை நம் உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான். ஆனால் உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுத்துக்கொள்கிறது. சேமிப்போ அதனிடம் அநேகமாக இல்லை. அன்றாடங் காய்ச்சிக் குடும்பம் போன்றது. நூறு கிராம் மூளைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஐம்பது மில்லி இரத்தம் பாய வேண்டும். இரத்தக்குழாயில் கட்டி அடைத்து, அது இருபதுக்குக் கீழே போனால் நரம்பணு வேலையை நிறுத்திவிடும், ஆனால் சாகாது. பத்துக்கும் கீழே போனால் ஆற்றல் வற்றிவிடும். முதலில் தீர்வது சுப்பாராவ் கண்ட கிரியேட்டின் பாஸ்பேட். அடுத்த சில நிமிடங்களில் ஏ.டி.பி. ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை எரிக்க முயல்வதால் லாக்டிக் அமிலம் தேங்கி, அவ்விடம் புளித்துப் போகிறது.

ஏ.டி.பி. போனால் என்ன ஆகும்? நரம்பணுவின் சுவரில் சோடியத்தை வெளியேற்றிப் பொட்டாசியத்தை உள்ளிழுக்கும் இறைப்பி ஒன்று இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கிறது. மூளையின் ஆற்றலில் பெரும் பங்கை விழுங்குவது அதுவே. மின்சாரம் நின்ற மோட்டார் போல அது நின்றுவிடுகிறது. சோடியமும் அதனோடு நீரும் உள்ளே புகுந்து அணு வீங்குகிறது. நரம்பணுக்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் குளூட்டமேட் என்னும் பொருள், அளவாக வெளிவர வேண்டியது, கொட்டித் தீர்க்கப்படுகிறது. அதைத் திரும்ப அள்ளிக்கொள்ளவும் ஆற்றல் வேண்டும், அதுவும் இல்லை. தேங்கிய குளூட்டமேட் பக்கத்து அணுக்களின் கதவுகளை இடைவிடாமல் தட்ட, கால்சியம் உள்ளே பாய்கிறது. கால்சியம் மிகுந்தால் அணு தன் புரதங்களையும் கொழுப்புச் சுவரையும் தானே அரித்துக்கொள்ளும். பேசுவதற்கென்று அமைந்த பொருளே நஞ்சாகிறது. குளூட்டமேட் மிகுந்தால் நரம்பணு மடியும் என்று ஜான் ஆல்னி என்ற அமெரிக்கர் 1969 இல் காட்டினார்.

எனினும் அடைபட்ட இடம் முழுவதும் ஒரே நேரத்தில் மடிவதில்லை. நடுப்பகுதி சில நிமிடங்களில் இறக்கும். அதைச் சுற்றியுள்ள பகுதி, பக்கத்துக் குழாய்களிலிருந்து கசிந்து வரும் இரத்தத்தில் ஏ.டி.பி.யை ஓரளவு காப்பாற்றிக்கொண்டு, வேலை செய்யாமல், ஆனால் உயிரோடு, சில மணி நேரம் காத்திருக்கும். கிரகணத்தின் அரைநிழலை நினைந்து அதற்குப் பெனும்பிரா என்று பெயரிட்டார்கள். 1970களின் பிற்பகுதியிலும் 1980களின் தொடக்கத்திலும் ஆஸ்ட்ரப், சிம்மன் முதலியோர் இதைத் தெளிவுபடுத்தினார்கள். பெரிய குழாய் அடைபட்ட பக்கவாதத்தில், சிகிச்சை இன்றிக் கழியும் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாகப் பத்தொன்பது இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று 2006 இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. கட்டியைக் கரைக்கும் மருந்து மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் பயன் தரும் என்பது 1995 ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில் உறுதியாயிற்று; 2008 இல் ஐரோப்பிய ஆய்வு அந்த வரம்பை நாலரை மணி நேரமாக நீட்டியது. தக்கவர்களைத் தேர்ந்து, குழாய்வழிக் கம்பி செலுத்திக் கட்டியை எடுக்கும் சிகிச்சைக்கு இன்னும் நீண்ட அவகாசம் உண்டு. எல்லாமே அந்த அரைநிழலைக் காப்பாற்றத்தான். பெரியப்பாவின் அரைநிழல், கட்டிலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த பகலில் சிறுகச் சிறுக நடுப்பகுதியோடு சேர்ந்துவிட்டது. இளம் மருத்துவர் மௌனமாக எழுதியது அதைத்தான்.

குளூட்டமேட்டின் கதவை அடைக்கும் மருந்து கொடுத்தால் போதுமே என்று அறிவியலாளர்களுக்கும் தோன்றாமல் இல்லை. எலிகளில் அருமையாகப் பலித்த மருந்துகள் பல, மனிதரிடம் தோற்றன. ஆய்வுக்கூடத்து எலிக்கு அடைப்பு ஏற்பட்ட நிமிடம் தெரியும், மருந்தும் தயாராக இருக்கும். மனிதருக்கோ அம்பத்தூர் எஸ்டேட் சாலை நெரிசலைத் தாண்டி வர வேண்டும்.

பின்னர் நாள்களிலும் வாரங்களிலும் மூளையின் வேதியியல் வேறு திசையில் மாறுகிறது. இறந்த அணுக்களை அப்புறப்படுத்தும் அழற்சி. பிறகு, தப்பிய பகுதியில் புதிய இணைப்புகளைத் தூண்டும் வளர்ச்சிப் புரதங்கள். முதல் மூன்று மாதங்களில் பயிற்சிக்குப் பயன் மிகுதி என்பதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. பெரியப்பா முதலாண்டில் காரணமின்றி அழுதார். பிள்ளைகள் அதைக் கோழைத்தனம் என்று எண்ணினார்கள். அது இழப்பின் துயரமும் மூளையின் மாற்றமும் சேர்ந்து வந்த நோய், அதற்கும் மருந்து உண்டு என்று தெரிந்திருந்தால் அப்படி எண்ணியிருக்கமாட்டார்கள். இப்போது அவர் கோல் ஊன்றி நடக்கிறார். நாம் பேசுவதெல்லாம் புரிகிறது. அவருக்கு வார்த்தைதான் வருவதில்லை. என்னைக் கண்டால் இடக்கை விரலால் நூல் அளவு காட்டிச் சிரிப்பார்.

சுப்பாராவின் கதைக்குத் திரும்புகிறேன். 1930 இல் டாக்டர் பட்டம் பெற்றார். ஆனால் ஹார்வர்டு அவருக்கு நிலையான ஆசிரியர் பதவி தரவில்லை. அவர் பிரித்தெடுத்த நியூக்ளியோடைடுகள் சிலவற்றைப் பல ஆண்டுகள் கழித்துப் பிறர் மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. ஃபிஸ்க் பொறாமையால் அவற்றை வெளிவரவிடவில்லை என்று, அதே துறையில் அப்போது மாணவராக இருந்து 1988 இல் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்ச்சிங்ஸ் பிற்காலத்தில் எழுதினார். சுப்பாராவ் தம் உரிமைக்காக வாதாடியதாகத் தெரியவில்லை. இதைப் பெருந்தன்மை என்று புகழ்பவர்கள் உண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. உரியதைக் கேட்காமல் விட்டதால் நட்டப்பட்டது அவர் மட்டுமல்லவே; மறைக்கப்பட்ட முடிவுகளுக்காகக் காத்திருந்த அறிவியலும் நட்டப்பட்டது.

1940 இல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவர் என்னும் ஊரில் இருந்த லெடர்லி ஆய்வகத்துக்குச் சென்றார். விரைவில் ஆராய்ச்சி இயக்குநரானார். எட்டே ஆண்டுகள். அதற்குள் அவர் தலைமையில் நடந்தவற்றைக் கேளுங்கள்.

முதலாவது, ஃபோலிக் அமிலம். இதற்கு ஒரு முற்கதை நம் நாட்டிலேயே உண்டு. பம்பாயில் கர்ப்பிணிப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய அம்மையார், ஈஸ்ட் சாற்றால் அது குணமாவதை 1931 இல் வெளியிட்டார். அதில் உள்ள பொருள் எதுவென்று அப்போது தெரியாது. கீரையிலும் அதே வகைப் பொருள் இருப்பதைக் கண்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் 1941 இல் அதற்குப் பெயரிட்டார்கள். அதைத் தூய்மையாகப் பிரித்து, அமைப்பை அறிந்து, செயற்கையாகவே செய்து 1945 இல் அறிவித்தது சுப்பாராவின் குழு. அதைக் கொண்டு கியூபாவிலும் போர்ட்டோ ரிக்கோவிலும் முதன்முதலில் குணப்படுத்தப்பட்ட நோய்களில் ஒன்று எது தெரியுமா? வெப்ப நாட்டு ஸ்புரூ. சகோதரர்களைக் கொன்ற அதே நோய். இடையில் கால் நூற்றாண்டு.

பக்கவாதத்துக்கும் ஃபோலிக் அமிலத்துக்கும் கூட உறவு உண்டு என்பது அவர் காலத்தில் யாரும் அறியாதது. உடலில் ஹோமோசிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் மிகுந்தால் இரத்தக்குழாய்களுக்குக் கேடு. ஃபோலிக் அமிலம் அதைக் குறைக்கிறது. சீனாவில் உயர் இரத்த அழுத்தம் உள்ள 20,702 பேரிடம் நடந்து 2015 இல் வெளியான ஆய்வில், அழுத்த மருந்தை மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 3.4 பேருக்குப் பக்கவாதம் வந்தது. அதனோடு ஃபோலிக் அமிலமும் உண்டவர்களில் 2.7 பேருக்கு. சிறிய வேறுபாடுதான். உணவிலேயே அச்சத்தைச் சேர்த்துவிடும் நாடுகளில் நடந்த ஆய்வுகள் இத்தகைய பயனைத் தெளிவாகக் காட்டவில்லை. எனவே மாத்திரை வாங்க யாரும் ஓடவேண்டியதில்லை. இரத்த அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொள்வது அதைவிடப் பெரிய காரியம். பெரியப்பா ஒருமுறையும் பார்த்துக்கொண்டதில்லை.

ஃபோலிக் அமிலத்தைச் செய்யத் தெரிந்ததும், அதைப் போலவே தோற்றமளித்து அதன் வேலையைக் கெடுக்கும் போலிகளையும் சுப்பாராவின் குழு செய்தது. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியதை 1948 ஜூனில் வெளியிட்டார். இன்று புற்றுநோய்க்கும் மூட்டு வாதத்துக்கும் வழங்கும் மெத்தோட்ரெக்சேட் அதன் உடன்பிறப்பு. அதே 1948 இல், லெடர்லியில் பெஞ்சமின் டக்கர் கண்ட ஆரியோமைசின் வெளிவந்தது. டெட்ராசைக்ளின் குடும்பத்தின் மூத்த மருந்து அதுவே. இன்னொன்று நமக்கு மிக அருகில் உள்ளது. யானைக்கால் நோய் ஒழிப்புக்காகத் தமிழ்நாட்டில் வீடுவீடாக வந்து கொடுத்தார்களே ஒரு மாத்திரை, டைஎத்தில் கார்பமசின், அது 1947 இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்தது. எங்கள் தெருவில் பலர் அதை வாங்கிச் சன்னல் விளிம்பில் வைத்துவிட்டு மறந்துபோனார்கள் என்பது வேறு கதை.

இத்தனைக்கும் நடுவே அவர் விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்.

1948 ஆகஸ்டு மாதத்தில் ஒரு நாள் இரவு உறங்கச் சென்றவர், உறக்கத்திலேயே இதயம் நின்று இறந்தார். வயது 53. இந்தியா விடுதலை பெற்று ஓராண்டு ஆகும் தறுவாய். விடுதலை பெற்ற நாட்டை அவர் பார்க்கவில்லை. அவர் முதலில் அளந்த பாஸ்பரஸ் சேர்மங்களை, தலையைத் திறக்காமல், ஒரு துளி இரத்தம் எடுக்காமல், காந்தப் புலத்தின் உதவியால் உயிருள்ள மூளையிலேயே அளக்கும் முறை 1980களில் வந்தது. தாளில் வரிசையாக எழும் முகடுகளில் ஒன்று கிரியேட்டின் பாஸ்பேட், மூன்று ஏ.டி.பி. பக்கவாதம் தாக்கிய இடத்தில் அம்முகடுகள் தாழ்ந்து, தனிப் பாஸ்பேட்டின் முகடு உயர்வதைக் காணலாம். குழாயில் நீலம் கூடிக்கொண்டே போனதும் இதுவும் ஒரே செய்திதான்.

இந்திய அரசு 1995 இல், அவருடைய நூற்றாண்டில், அஞ்சல் தலை வெளியிட்டது. அதற்கு முன்னரே, 1953 இல், லெடர்லியில் இருந்த ஒரு பூஞ்சை அறிஞர் தாம் புதிதாகக் கண்ட ஒரு பூஞ்சைப் பேரினத்துக்குச் சுப்பாரோமைசிஸ் என்று அவர் பெயரைச் சூட்டினார். கழிவுநீரைத் தூய்மை செய்யும் வடிகட்டிகளில் வளர்வது அது.